தொட்டிக்கு வெளியே நிற்கிறவள்

— 'ஓகே ஓகே'ன்னா எடுபடாதுண்ணே. கேட்ட கேள்விக்குப் பதில் வரணும்.

— என்னா கேட்ட?

— பாத்தீங்களா, கேள்வியே மறந்து போச்சு. தர்மேந்திரன் அண்ணே, டேங்க விட்டு வெளிய வாங்க.

— அடோய், மறக்கல லா. காத்தடிக்கிற ப்ளோவர் சத்தம் காத அடைக்குது. கத்திக் கேளு தினேஸ்.

— நேத்து அண்ணி என்ன சமைச்சாங்கன்னு கேட்டேன்.

— சமைக்கல. கோயில் கூட்டம்னு போயிட்டா. நாந்தான் ஈப்போவுல மீ கோரெங் கட்டிக்கிட்டுப் போனேன். காரம் பத்தலன்னு புள்ளைங்க மூஞ்சத் தூக்கி வச்சிக்கிச்சு. போதுமா?

— போதும். யோசிச்சுத்தான் சொல்றீங்க. காத்து மீட்டரும் சரியா இருக்கு. வெல்டிங்க ஆரம்பிங்க.

— இரு, பழைய கசடத் தட்டிட்டு ஆரம்பிக்கிறேன். ஏன் தங்கச்சி, வீட்டு விஷயமெல்லாம் நோண்டச் சொல்லித்தான் கோர்ஸ்ல சொல்லிக் குடுத்தாங்களா?

— ஆமா. டேங்குக்குள்ள காத்து கெட்டா ஆளு முதல்ல குடிச்சவன் மாதிரி ஆயிருவானாம். 'ஓகே, ஓகே'ன்னு சொல்லிக்கிட்டே சாஞ்சிருவானாம். அதனால யோசிச்சுச் சொல்ற மாதிரி கேள்வி கேக்கணும்னாங்க. வெளிய நிக்கிற ஆளுக்குப் பேசுறதுதான் வேலை.

— பேசுறது மட்டுமா?

— மீட்டரப் பாக்கணும். ப்ளோவர் நிக்காமப் பாத்துக்கணும். உள்ளருந்து பதில் வரலன்னா கழுத்துல தொங்குற ஹார்ன அடிக்கணும், வாக்கிடாக்கில மில் ஆபீசுக்குச் சொல்லணும்.

— அப்புறம்?

— அப்புறம் ஒண்ணும் செய்யக் கூடாது.

— அத முழுசாச் சொல்லு.

— உள்ள எறங்கக் கூடாது.

— யாரு விழுந்து கெடந்தாலும்?

— யாரு விழுந்து கெடந்தாலும்.

— அதாம்மா. மத்ததெல்லாம் மறந்தாலும் பரவால்ல. இது ஒண்ணு போதும், புரியுதா இல்லியா?

— புரியுது. மொதலாளி தவுக்கே என்ன சொன்னாருண்ணே?

— எதப் பத்தி?

— நடிக்காதீங்க. என்னப் பத்தி.

— ஒரு மாசம் பாத்தாச்சு, வெல்டிங் கை நல்லா ஓடுது, டேங்க் வேலையில எப்படி நிக்கிறான்னு பாத்துட்டு வந்து சொல்லுன்னாரு. நான் இன்னிக்கி சாயந்தரம் கையெழுத்துப் போட்டா திங்கட்கிழமை உன்னப் பெராந்திஸா, தொழில் பழகுற ஆளா பதிஞ்சிருவாரு. மாசத்துல கொஞ்ச நாளு காலேஜுல படிப்பு, மத்த நாளெல்லாம் நம்ம பெங்கேல் பட்டறையில வேலை. முடிச்சிட்டா சிஜில் சர்ட்டிபிகேட்டு கையில. அப்புறம் நீ எங்க வேணா போலாம். சிங்கப்பூருக்குக் கூடப் போலாம், எங்களையெல்லாம் மறந்துட்டு.

— போடலன்னா?

— போடலன்னா பழையபடி பெட்ரோல் ஸ்டேஷன் கவுண்டர்தான்.

— அங்கயும் வேற ஆள் எடுத்துட்டாங்க. உங்க கையெழுத்துலதான் தொங்கிட்டிருக்கேன்.

— அப்ப எங்கிட்ட மரியாதையாப் பேசு. வீட்டுச் சமையலெல்லாம் கேக்காத.

— வேற கேள்வி வச்சிருக்கேன். வெளிச்சத்தப் போடுங்க, நான் கண்ணத் திருப்பிக்கிறேன்.

— போடுறேன். பாக்காத.

— அண்ணே.

— ம்.

— 'ம்' எடுபடாது.

— குச்சி தீந்து போச்சு, மாத்துறேன். டேங்க் நடுவுல நிக்கிற தடுப்புத் தகட்டுல விரல் நீளத்துக்கு வெடிச்சிருக்கு. இந்தப் பக்கம் முடிச்சா கீழ ஒரு ஓட்டு. அவ்ளோதான். இங்கருந்து பாத்தா நீயும் தெரியல, நான் ஏணியில எறங்கின ஓட்டையும் தெரியல. உன் குரலு மட்டும்தான் வருது. ரேடியோ கேக்குற மாதிரி இருக்கு.

— அப்ப செய்தி வாசிக்கிறேன், கேளுங்க. மெங்லெம்புல ஒரு பெங்கேல்ல வேலை கேட்டதுக்கு, பொம்பளைக்குன்னு இங்க டாய்லெட் இல்லன்னு திருப்பி அனுப்பினாங்க. லாஹாட்ல கணக்குல மார்க் பத்தாதுன்னாங்க. ஜெலாப்பாங்ல மட்டும் ஒரு தகட்டக் குடுத்து ஓட்டிக் காட்டுன்னாங்க. ஓட்டினேன். அங்க பெரிய ஆளு ஒருத்தர், வெள்ள முடி, கையால தடவிப் பாத்துட்டு 'பாகுஸ், ரொம்ப நல்லா இருக்கு'ன்னாரு. அடையாள அட்டை, ஐசியக் குடுன்னாரு. குடுத்தேன். அப்பா பேரப் பாத்ததும் நின்னுட்டாரு.

— என்னா கேட்டாரு?

— சிலிம் ரிவர் மாயாண்டி மகளான்னாரு. ஆமான்னேன். உள்ள போனாரு, ரொம்ப நேரம் கழிச்சு வந்தாரு. டீ வாங்கிக் குடுத்தாரு. 'உங்கப்பா நல்ல மனுஷன்மா. ஆனா டேங்க் பக்கத்துல அந்த மாதிரி நல்ல மனுஷன் நின்னா எனக்கு ரெண்டு பொணம்'னாரு.

— தப்பாச் சொல்லல.

— நானும் தப்புன்னு சொல்லலியே. டீயக் குடிச்சிட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம்தான் உங்க பெங்கேலுக்கு வந்தேன்.

— தெரியும். அன்னிக்கி ரெண்டு மெஷினும் கெட்டுப் போச்சு. நீ வந்த ராசின்னு தவுக்கே மூணு நாள் புலம்பிட்டிருந்தாரு.

— உங்களுக்கு ஏன் வெல்டிங் புடிச்சுதுண்ணே? சும்மா கேக்கல, பதில் வேணும்.

— வயித்துக்குத்தான். வேற என்னா. உனக்கு?

— எனக்கு வெல்டிங் கண்ணாடி புடிக்கும். அத எறக்கி விட்டா ஒலகமே கருப்பாயிரும், குச்சி நுனியில இருக்கிற அந்த ஒரு பொட்டு வெளிச்சம்தான் தெரியும். தலைக்குள்ள பேசிக்கிட்டே இருக்கிற சத்தமெல்லாம் அப்ப நின்னுரும்.

— யாரு பேசுவா உன் தலைக்குள்ள?

— யாரும் இல்ல. நாந்தான் கேள்வி கேட்டுட்டே இருப்பேன். சின்ன வயசுலருந்தே வெளிய நிக்கிற ஆளுதான் நான். வீட்டுக்குப் பின்னால ஒரு தண்ணித் தொட்டி இருந்துச்சு, சிமெண்டுத் தொட்டி. அப்பா செத்ததுக்கப்புறம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதுல காத வச்சுக் கேப்பேன். உள்ள தண்ணிதான் ஆடும். எனக்கு அவர் இருமுற மாதிரி கேக்கும். அம்மா ஒரு நாள் பாத்துட்டாங்க. அடிக்கல. மறுநாளே தொட்டியக் காலி பண்ணிட்டு மண்ணப் போட்டு ரொப்பிட்டாங்க. அதுக்கப்புறம் மண்ணுக்குள்ளருந்து கேக்க ஆரம்பிச்சிருச்சு.

— இப்பவும் கேக்குதா?

— கேள்வி கேக்குறது என் வேலை. வெளிச்சத்தப் போடுங்க.

— கேக்குதான்னு சொல்லு, அப்புறம் போடுறேன்.

— இன்னிக்கி ப்ளோவர் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. போடுங்க.

— முடிஞ்சிருச்சு இந்தப் பக்கம். சூடு ஆறட்டும்.

— சூடு ஆர்ற வரைக்கும் ஒரு பெரிய கேள்வி. நம்ம தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு ஏன் நீங்க வர்றதே இல்ல?

— நம்ம தோட்டமா?

— நம்ம தோட்டம்தான். ரப்பரெல்லாம் வெட்டி செம்பனை போட்டாச்சு, லயத்து வீடுங்கள ஒடச்சாச்சு, கோயில் மட்டும் நிக்குது. ஆனாலும் ஈப்போவுலருந்து பஸ் வச்சு வராங்க. ஆடி மாசத்துல அப்பா படத்துக்கு மாலை போடுவாங்க. மைக்குல அவரு செத்த கதையத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவாங்க. நீங்க மட்டும் வரமாட்டீங்க.

— நான் அந்தத் தோட்டத்து ஆளுன்னு உனக்கு யாரு சொன்னா?

— நீங்கதான். மத்த எடத்துல எல்லாரும் ஐசியில அப்பா பேரப் பாத்துட்டு ஏதாச்சும் கேட்டாங்க. நீங்க பாத்தீங்க, திருப்பிக் குடுத்தீங்க, ஒண்ணுமே கேக்கல. வீட்டுக்குப் போயி அம்மாகிட்ட உங்க பேரச் சொன்னேன். 'தர்மேந்திரனா? அந்தக் கயித்துக்காரப் பயலா?'ன்னாங்க. அண்ணே, பதில்.

— இருக்கேன்.

— 'இருக்கேன்' எடுபடாது.

— உங்கம்மா சரியாத்தான் சொல்லியிருக்காங்க. கயிறு எங்கையிலதான் இருந்துச்சு. ஒரு மாசமா தெரிஞ்சிக்கிட்டேதான் எங்கூட மக்கான் சாப்பிட்டியா நீ?

— நீங்களும் தெரிஞ்சிக்கிட்டேதானே சோறு பங்கு வச்சீங்க.

— கெட்டிக்காரி. சரி, கேளு. என்ன கேக்கணுமோ கேளு. பதில் சொல்லாட்டி வெளிய இழுத்துப் போட்டுருவ.

— என்ன நடந்துச்சு? மைக்குல சொல்ற கதை வேணாம்.

— அப்ப நான் தோட்டத்து ரப்பர் பேக்டரியில எடுபிடி. சின்னையா மாமாதான் பம்பு பாக்கிறவரு. ரப்பர் பால் கழுவுற தண்ணியெல்லாம் போயி விழுற கழிவுத் தொட்டி ஒண்ணு பின்னால இருந்துச்சு, மூடி போட்டது. பம்பு அடைச்சிக்கிச்சு. மூடியத் தொறந்தா அழுகின முட்ட வாடை. சின்னையா மாமா சொன்னாரு, கொஞ்ச நேரம் தொறந்து வைப்போம், வாடை போனதும் எறங்கலாம்னு. எங்க எல்லாருக்கும் அப்படித்தான் நெனப்பு. வாடை அடிச்சா கெட்ட காத்து, வாடை நின்னா நல்ல காத்து.

— நின்னுச்சா?

— நின்னுச்சு. காத்து நல்லாயிட்டதால நிக்கல. அது மூக்கக் கொன்னுருமாம், தங்கச்சி. அப்புறம் எதுவும் தெரியாதாம். அத நான் பல வருஷம் கழிச்சு ஈப்போவுல கோர்ஸுக்குப் போனப்பதான் சொன்னாங்க. மத்தவங்க எழுதிட்டிருந்தாங்க. நான் பாதியில எழுந்திரிச்சு வெளிய போயி வாந்தி எடுத்தேன்.

— சின்னையா மாமா எறங்கிட்டாரு.

— எறங்கினாரு. இடுப்புல கயிறு கட்டல. சும்மா கையில புடிச்சிக்கிறேன்டான்னாரு. ரெண்டு வார்த்தை பேசினாரு. கயிறு லேசாச்சு. நான் கூப்பிட்டேன், கத்தினேன். உங்கப்பா டூட்டி முடிஞ்சு சைக்கிள்ல போயிட்டிருந்தவரு, என் சத்தத்தக் கேட்டுத்தான் திரும்பி வந்தாரு.

— அப்புறம் வாட்சக் கழட்டி வால்வு மேல வச்சிட்டு, கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டுட்டு எறங்கினாரு.

— யாரு சொன்னா?

— மைக்குல சொல்றாங்க. ஒவ்வொரு வருஷமும். கேட்டு எல்லாரும் அழுவாங்க, அம்மா உட்பட. எனக்கு மட்டும் அழுகை வராது. எனக்கு அந்த வாட்ச் மேலதான் கோவம்.

— வாட்ச் மேலயா?

— வாட்சக் கழட்ட நேரம் ஆகும்லண்ணே. அது இரும்பு வாரு. கழட்டி, பத்திரமா வைக்க ஒரு எடம் பாத்து, அப்புறம் கும்பிட்டு. அவ்வளோ நேரம் இருந்திருக்கு. அந்த நேரத்துல வீட்ல நான் இருக்கேன்னு ஒரு தடவ கூட நெனப்பு வராமலா இருந்திருக்கும்? வந்திருக்கும். வந்தும் எறங்கியிருக்காரு. யோசிச்சுத்தான் எறங்கியிருக்காரு. வாட்சு நனையக் கூடாதுன்னு நெனச்சவருக்கு எங்களப் பத்தி அந்த அளவுக்குக் கூட நெனப்பு இல்ல.

— தினேஸ்.

— ஊருக்கு அவரு சாமி. எனக்கு, எங்கள எடைபோட்டுப் பாத்துட்டு வேணான்னு வச்சிட்டுப் போனவரு. அம்மாகிட்ட கூட இதச் சொன்னதில்ல. சரி, மீட்டர் நல்லா இருக்கு. நீங்க கீழ ஓட்ட ஆரம்பிங்க.

— அவரு கழட்டல.

— என்ன?

— வாட்ச அவரு கழட்டல. கும்பிடவும் இல்ல. சைக்கிள அப்படியே போட்டுட்டு ஓடி வந்தாரு, நேரா மூடிகிட்ட போனாரு. நான் கயித்த விட்டுட்டு அவரு கையப் புடிச்சேன். மணிக்கட்டுல. ரெண்டு கையாலயும் புடிச்சேன். அவரு என்னப் பாக்கக் கூட இல்ல தங்கச்சி. ஒரு உதறு. வாரு அறுந்து வாட்சு எங்கையில வந்துருச்சு. அவரு உள்ள போயிட்டாரு. இப்ப நீ பதில் சொல்லு. மேல இருக்கியா?

— இருக்கேன்.

— 'இருக்கேன்' எடுபடாது.

— அம்மா வாரு மாத்தினாங்க. பழசாகிப் போனதால அறுந்திருக்கும்னு நெனச்சாங்க. வால்வு மேல எப்படி வந்துச்சு?

— நாந்தான் வச்சேன். கையில வச்சிருக்க முடியல. சூடா இருந்துச்சு, அவரு ஒடம்புச் சூடு. தோட்டத்து ஆபீஸ் கிராணி வந்து வால்வு மேலருந்து எடுத்தாரு. கழட்டி வச்சிட்டு எறங்கியிருக்காரு பாரு, என்ன மனசுன்னாரு. அன்னிக்கி சாயந்தரமே அது கதையாயிருச்சு.

— நீங்க ஏன் சொல்லல?

— யாருகிட்ட? கயித்தப் புடிச்சிட்டு நின்னவன் பேச்ச யாரு கேப்பா? நானும் எறங்கியிருந்தா மூணாவது படமா மாலை போட்டிருப்பாங்க. எறங்கல. அதுக்காக சாவு வீட்ல பாடையத் தொட விடல. எங்கம்மா குழாயடிக்குப் போனா மத்த பொம்பளைங்க கொடத்த எடுத்துக்கிட்டு நகர்ந்துருவாங்க. நாலு மாசம் தாக்குப் புடிச்சோம். அப்புறம் ஈப்போ.

— நீங்க ஏன் எறங்கலண்ணே?

— இது கோர்ஸ் கேள்வியா, உன் கேள்வியா?

— என் கேள்வி.

— தெரியல. அப்ப எனக்கு சட்டமும் தெரியாது, மீட்டரும் தெரியாது. பயமா இருந்திருக்கும். உள்ளருந்து தட்டுற சத்தம் வந்துச்சு. சுவத்துல. உங்கப்பாவா சின்னையா மாமாவான்னு தெரியல. தட்டிச்சு, தட்டிச்சு, நின்னுருச்சு. நான் கேட்டுக்கிட்டே நின்னேன். இப்ப கூட கசடு தட்டும்போது யாரோ திரும்பத் தட்டுற மாதிரி இருக்கும். அதனாலதான் வேலை செய்யும்போது வாய்க்குள்ள பாடிக்கிட்டே இருக்கேன். என் பாட்டக் கேட்டு நீங்கள்லாம் சிரிப்பீங்க.

— நல்லா இருந்தா நாங்க ஏன் சிரிக்கப் போறோம்.

— ஆ, இப்பதான் பழைய தினேஸ்.

— அந்தக் கோர்ஸ்ல, எறங்காம நின்னவன்தான் சரின்னு சொன்னாங்களா?

— சொன்னாங்க. எழுதிக் கூட குடுத்தாங்க. சரின்னு மண்டைக்குத் தெரியுது. ஒடம்பு ஒத்துக்க மாட்டேங்குது. இத்தன வருஷத்துல எத்தனையோ பேருக்கு நாந்தான் சொல்லிக் குடுத்தேன், எறங்காதீங்க, எறங்காதீங்கன்னு. ஒவ்வொரு தடவ சொல்லும்போதும் எனக்கே நான் சொல்லிக்கிற மாதிரி இருக்கும். வேற யாராச்சும் ஒருத்தரு அந்த மாதிரி நின்னு நான் பாத்ததே இல்ல. பாத்தா ஒருவேள தூக்கம் வருமோ என்னவோ.

— நான் நிப்பேண்ணே.

— வாயால எல்லாரும் நிப்பாங்க.

— நான் ஒம்போது வயசுலருந்து அதத்தான் பழகிக்கிட்டிருக்கேன். எனக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேணாம். எறங்கினவரு பின்னால என்ன விட்டுட்டுப் போனாருன்னு எனக்குத் தெரியும். எங்கம்மா இப்பவும் ஓட்டல்ல தட்டு கழுவிக்கிட்டிருக்காங்க. நான் எறங்க மாட்டேன்.

— நல்லது. கீழ ஓட்டு ஆரம்பிக்கிறேன். கண்ணத் திருப்பிக்க.

— சரி.

— முடிச்சிட்டு மேல வந்து சாப்பிடுவோம். பசி எடுத்துருச்சு.

— அண்ணே.

— அண்ணே, கீழ எவ்வளோ தூரம் ஓட்டியிருக்கீங்க?

— தர்மேந்திரன் அண்ணே.

— பாட்டக் கூடக் காணோம். என்ன பாட்டு பாடுறீங்கன்னு சொல்லுங்க.

— அண்ணே, சின்னவன் எந்த வகுப்பு படிக்கிறான்?

— மீட்டர் நல்லாத்தான் காட்டுது. ப்ளோவரும் ஓடுது. விளையாடாதீங்கண்ணே.

— அண்ணே, ஒரு தட்டு தட்டுங்க. பேச வேணாம். தகட்டுல ஒரு தட்டு.

— அண்ணே, அந்த வாட்சு எங்கிட்டதான் இருக்கு. கேக்குதா? இப்ப என் கையிலதான் கட்டியிருக்கேன். வெளிய வாங்க, காட்டுறேன்.

— ஹார்ன் அடிக்கிறேன். அடிச்சா மில்லு முழுக்க ஓடி வரும், அப்புறம் தவுக்கே கத்துவாரு. அடிக்கட்டுமா? அடிக்கிறேன்.

— ஆபீஸ், ஆபீஸ், பழைய எண்ணெய் டேங்க்லருந்து தினேஸ்வரி. உள்ள இருக்கிறவரு பதில் சொல்ல மாட்டேங்கிறாரு. ஒரே ஆளு. வெல்டிங் பண்ணிட்டிருந்தாரு. மூச்சுப் பெட்டியோட ஆள அனுப்புங்க. சீக்கிரம்.

— அண்ணே, ஆளுங்க வராங்க. கேக்குதா? வராங்க. கண்ண மூடாதீங்க. அண்ணி கோயில் கூட்டத்துலருந்து எத்தன மணிக்கு வந்தாங்க? மீ கோரெங் யாருக்குக் காரம் பத்தல? அண்ணே. தடுப்புக்கு அந்தப் பக்கம் லைட்டு எரியுது, நெழலு அசையவே இல்ல. அண்ணே.

— போதும் தங்கச்சி. போதும், போதும். எனக்கு ஒண்ணும் ஆகல.

— அண்ணே?

— நல்லாத்தான் இருக்கேன். சபார், பொறுமையா இரு. அந்த ஹார்ன் காதக் கிழிச்சிருச்சு, டேங்க் முழுக்க மணி அடிச்ச மாதிரி. ஆபீஸ்ல காலையிலயே சொல்லி வச்சிட்டேன், இன்னிக்கி ஒரு பயிற்சி வைக்கப் போறேன்னு. யாரும் பதற மாட்டாங்க.

— நடிச்சீங்களா?

— தவுக்கே சொல்லித்தான். மாயாண்டி மக குதிச்சிருவாளா மாட்டாளான்னு வாயால கேட்டா போதாது, பாத்துட்டு வான்னாரு. நான் முடியாதுன்னுதான் சொன்னேன். அப்படின்னா அவள எடுக்கலன்னாரு. உங்கப்பா கதையெல்லாம் பேசின பின்னால செஞ்சிருக்கக் கூடாது, தெரியும். திட்டு. வெளிய வந்ததும் நல்லாத் திட்டு.

— இல்லண்ணே.

— நீ கூப்பிடக் கூப்பிட பதில் சொல்லாம பல்லக் கடிச்சிட்டு ஒக்காந்திருந்தேன். அந்த வாட்சக் கட்டியிருக்கேன்னு சொன்ன பாரு, அப்ப பதில் சொல்ல வாயத் தொறந்து, கையால பொத்திக்கிட்டேன். ஆனா நீ பாரு, என்னா செஞ்ச? கேள்வி கேட்ட. மீட்டரப் பாத்த. ஹார்ன் அடிச்ச. ஆபீசுக்குச் சொன்ன. எல்லாம் வரிசையா. எந்தச் சட்டத்தையும் விடல. நின்னுட்ட. புரியுதா இல்லியா? மாயாண்டி மக நின்னுட்டா.

— அண்ணே…

— இரு, சொல்ல விடு. ஒலகத்துலயே நான் ஒருத்தன்தான் அப்படி நின்னவன்னு நெனச்சிட்டிருந்தேன். பயந்துதான் நின்னேனோ, என்னமோ, இவ்வளோ வருஷமா தெரியாமலே கெடந்துச்சு. இப்ப நீ பயந்தா நின்ன? இல்லியே. அப்ப நிக்கிறதுக்கு வேற காரணமும் இருக்குல்ல. சாயந்தரம் பெங்கேலுக்குப் போனதும் முதல் வேலை கையெழுத்துதான். திங்கட்கிழமை நீ பெராந்திஸ். உங்கம்மாவுக்கு இப்பவே போன் போட்டுச் சொல்லு, கயித்துக்காரப் பய சொன்னான்னு சொல்லு. என்னா, பேச்சக் காணோம்?

— இருக்கேண்ணே.

— அழுவுறியா?

— இல்ல.

— உன் குரலு ஏன் இவ்வளோ கிட்டக் கேக்குது? ஓட்டைக்குள்ள தலைய விட்டுக் குனிஞ்சிட்டிருக்கியா? அது பரவால்ல லா. நான் எழுத மாட்டேன்.

— குனியலண்ணே. உள்ள, ஏணிக்குக் கீழ நிக்கிறேன், தடுப்புக்கு இந்தப் பக்கம். கையெழுத்துப் போடாதீங்க. எப்ப எறங்குனேன்னு எனக்கே தெரியல.